குளம்பு மேலே பார்த்த கன்று

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் ஓடும் வேலியில் ஒரு பொட்டு உண்டு. ஒரு ஆள் குனிந்து வரக்கூடிய இடைவெளி. அதற்குள்ளால்தான் கறிவேப்பிலை வரும், கடன் கேட்ட சீனி வரும், ஊர்க்கதை வரும், பக்கத்து வீட்டு அண்ணையும் வருவார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டார் பொட்டை அடைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி உங்களோடு கதை இல்லை. எல்லைச் சண்டை, கலியாணச் சண்டை போன்ற பெரிய காரியங்களுக்குத்தான் அதை அடைப்பார்கள். நான் அதை என் மாட்டுக்காக அடைத்தேன்.

அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை நான். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள். என்னைக் கட்டிய இவர் பஸ் கொண்டக்டர். இதை அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கையை உயர்த்தியதில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பும் நின்றது. ஐம்பது வயது நெருங்கியும் நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

அப்படிக் கேட்காமல் போன ஒரு நாள்தான் இதற்கெல்லாம் தொடக்கம்.

இந்த மாடு போன முறை கன்று போட்டபோது கொட்டிலுக்குள் சந்தை கூடியிருந்தது. எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் யாருடைய மாடு கன்று போட்டாலும் பக்கத்து அண்ணையைக் கூப்பிடுவதுதான் வழக்கம். நல்ல மனிதர். கூப்பிட்ட குரலுக்குச் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வருவார். கைப்பலம் உள்ளவர். கயிற்றோடு வந்தார். அவருக்குப் பின்னால் அயலும் வந்தது. ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. "இந்தா வந்திட்டுது, பிடியுங்கோ" என்று அதில் கயிற்றைப் போட்டார்கள். மாடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிரசவ நோ வரவில்லை. வராதபோதே இழுத்தார்கள்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோவன்" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்றக் கால் உள்ளே மடிந்து கிடந்தது என்பது கன்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. நல்ல செந்நிறப் பசுக்கன்று. அதற்கு மூச்சு இல்லை. கயிற்றால் இறந்ததா, முதலே இறந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று அண்ணை தன் வீட்டிலும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பிறகு சொன்னார். மாடு பல நாட்கள் கன்று கிடந்த வைக்கலை மணந்து மணந்து கத்தியது. அதைக் கேட்டுக்கொண்டு குசினி அடுப்படியில் நின்றபோது நான் ஒன்றை முடிவெடுத்தேன். அடுத்த கன்று உயிரோடு வரவேண்டும். அதற்கு நான் பார்க்க வேண்டும். கூட்டத்தோடு நின்று பார்க்கிற பார்வை போதாது. தெரிந்துகொள்கிற பார்வை வேண்டும்.

கூச்சம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாங்கள் ஒரு மூலையில் நின்றால் எங்களை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். மிருகங்களும்கூடக் கவனிப்பதில்லை.

முதலில் குட்டி போட இருந்த வீட்டுப் பூனை. அது இடம் தேடி வீடெல்லாம் அலைந்து, கடைசியில் அலுமாரியின் கீழ்த்தட்டில் என் கூறைச்சேலைக்கு மேல் படுத்துக்கொண்டது. எழுப்ப மனம் வரவில்லை. நான் நேரே பார்த்தால் முக்குவதை நிறுத்திவிடும். அலுமாரிக் கதவைக் கொஞ்சம் திருப்பி, கட்டிலில் இருந்துகொண்டு கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். ஒரு குட்டி தலை முன்னுக்கு வந்தது, அடுத்தது வால் முன்னுக்கு வந்தது. பூனைக்கு இரண்டும் ஒன்றுதான். குட்டி சின்னது, வழுக்கி வந்துவிடுகிறது. பையை நக்கிக் கிழித்தது, கொடியைக் கடித்தது, மிச்சத்தைத் தின்றது. பிறந்தவை கண் திறக்காமல், காது ஒட்டியபடி, தாயின் வயிற்றைத் தேடி ஊர்ந்தன. கூறைச்சேலை போய்விட்டது. இவருக்குச் சொல்லவில்லை.

பிறகு ஒழுங்கை நாய். எங்கள் வைக்கல் போருக்குள் குழி தோண்டி, கிட்டப் போகிற எல்லோருக்கும் பல்லைக் காட்டியது. தூர நின்று பார்த்தேன். அது ஒரு குட்டியைப் போட்டுவிட்டு நித்திரை கொண்டது. நான் பயந்துபோனேன். நல்லாய் நித்திரை கொண்டு எழும்பி, பிறந்த குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போட்டது. அவசரம் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆடு இதற்கு நேர் எதிர். உடுவிலில் என் சின்னம்மா வீட்டில் ஆடுகள் நிற்கின்றன. குட்டி போடப்போகிற நாள் நெருங்கினால் எனக்குத் தொலைபேசியில் கோல் எடுக்கச் சொல்லியிருந்தேன்.

"பிள்ளை பாக்கப் போறதெண்டால் விளங்குது. ஆட்டுக்குட்டி பாக்க பஸ் எடுத்து வாற ஒரே ஆள் நீதான்" என்பார் சின்னம்மா.

பூனையும் நாயும் ஒளிக்கும். ஆடு ஆள் வேண்டும் என்று கத்தும். நான் எழும்பிப் போனால் பின்னாலேயே வந்து கத்தியது. அதன் பக்கத்தில் சாக்கை விரித்து இருந்தேன். இரண்டு முன்னங்கால் குளம்புகள் வந்தன. அவற்றின் மேல் மூக்கு வந்தது. கேணிக்குள் பாய்கிற பொடியள் கையை நீட்டி அதற்குள் தலையைக் கொடுத்துப் பாய்வார்களே, அந்த மாதிரி. அதுதான் சரியான வரவு என்று அன்று கண்ணால் கண்டேன். போன முறை எங்கள் கன்று ஒரு கையை மடித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறது.

ஈரம் காயமுதலே அந்த ஆட்டுக்குட்டிகள் எழும்பி நின்றன. அதே கிழமை எங்கள் கூரை ஓட்டுக்குள் அணில் குட்டி போட்டிருந்ததையும் பார்த்தேன். தோல் உரித்தது போல மயிரில்லாத, கண் மூடிய குட்டிகள். இரண்டையும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று பட்டது. குட்டியை ஒளித்து வைக்கப் பொந்தும் குழியும் உள்ளவை அரைகுறையாகப் பெற்றுவிட்டு மிச்சத்தை வெளியே வைத்துச் செய்கின்றன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பொந்து இல்லை. ஓடவேண்டி வந்தால் குட்டியும் கூட ஓடவேண்டும். அதனால் காலையும் கண்ணையும் உள்ளேயே செய்து முடித்து வெளியே அனுப்புகின்றன. காலை நீட்டமாகச் செய்வதால்தான் அது உள்ளே மடிந்தும் போகிறது. பூனைக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மிச்சத்தைத் தொலைபேசியில் பார்த்தேன். இவர் வேலைக்குப் போன பிறகு, சோறு வேகிற நேரத்தில். யானை கன்று போடும்போது மற்ற யானைகள் சுற்றி நின்றன, ஆனால் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து நின்றன. ஒட்டகச்சிவிங்கி நின்றபடியே பெறுகிறது, கன்று கூரை உயரத்திலிருந்து விழுகிறது. கங்காருக் குட்டி பயற்றங்கொட்டை அளவில் வெளியே வந்து, தாயின் மயிரைப் பிடித்துத் தானே பைக்குள் ஏறுகிறது. கோவில் மருதமரத்தில் தொங்குகிற வௌவாலும் தலைகீழாகவே பெற்று, குட்டி விழாமல் செட்டையால் அணைத்துக்கொள்கிறதாம். அதைப் பார்த்த பிறகு கோவிலுக்குப் போனால் கும்பிடுவதை விட்டுவிட்டு மரத்தைத்தான் பார்த்தேன்.

ஓங்கில் என்கிற டொல்பினைப் பற்றி இவர்தான் ஒரு இரவு படுக்கையில் சொன்னார். வல்வெட்டித்துறையில் பஸ் ஏறிய ஒரு கடற்தொழிலாளி, கரையொதுங்கிய ஒரு ஓங்கிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாராம். தாயின் வயிற்றுக்குக் கீழே குட்டியின் வால் மட்டும் வெளியே நின்றதாம்.

"வால் முதலோ வாறது? நல்லாக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேட்டனான். எல்லா ஓங்கிலும் உப்பிடித்தானாம். நீயேன் இதுக்குப் போய் எழும்பி இருக்கிறாய்?"

அன்று நெடுநேரம் யோசித்தேன். கடலுக்குள் தலை முதலில் வந்து, உடம்பு வரச் சுணங்கினால், குட்டி மூச்செடுக்கப் பார்த்துத் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் தலை கடைசியாக வருகிறது. அப்படியென்றால் தரையில் ஒரு கன்று பின்பக்கமாக வந்தால்? கொடி நசிந்தவுடன் அது மூச்செடுக்கப் பார்க்கும். அப்போது அதன் தலை தாயின் வயிற்றுத் தண்ணீருக்குள் இருக்கும். ஓங்கிலுக்குத் தண்ணீர் வெளியே. கன்றுக்குத் தண்ணீர் உள்ளே. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், மாடு ஏன் பின்பக்கமாகக் கன்று போடப்போகிறது என்று சிரிப்பார்கள்.

இவ்வளவையும் பார்த்தபோது எனக்கு என் மகள் பிறந்த நாளும் அடிக்கடி வந்து போனது. ஆஸ்பத்திரியில் நான் வெட்கத்தில் கத்தவும் இல்லை, சரியாக முக்கவும் இல்லை. சும்மா எந்த நேரமும் பல்லைக் கடித்து முக்கிக்கொண்டு கிடந்தேன். மருத்துவிச்சி வந்து அதட்டினார். "நோ வரேக்கை முக்கு பிள்ளை. நோ இல்லாத நேரம் முக்கினால் நீயும் களைச்சு பிள்ளையும் களைக்கும். இடையிலை கிடைக்கிறது ஓய்வு. அதை வீணாக்காதை." நாய் நித்திரை கொண்டதும் அதுதான். போன முறை கயிற்றைப் பிடித்தவர்கள் விடாததும் அந்த ஓய்வைத்தான்.

மாடு மறுபடி சினைப்பட்டது. நாட்டு மாடு, சின்ன உடம்பு. சினை ஊசி போட்டுப் பிடித்த கன்று பெரிதாக வரும் என்ற பயம் முழு நேரமும் இருந்தது. ஒரு பின்னேரம் வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. மடி இறுகி மினுங்கியது. அடுத்த நாள் போடும் என்று விளங்கியது. அடுத்த நாள் இவர் காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். மாடு ஒருதரம் கத்தினால் போதும், அண்ணை கயிற்றோடு பொட்டுக்குள்ளால் வந்துவிடுவார். அவருக்குப் பின்னால் அயலும் வரும். அவரை நிறுத்திவைத்துக் கதைக்க என்னால் முடியாது. என்னை எனக்குத் தெரியும். வாய் வராதவளுக்குக் கை இருக்கிறது. பனைமட்டைகளை எடுத்து, பொட்டின் குறுக்கே வைத்து, கயிற்றால் வரிந்து கட்டினேன்.

இவர் வேலையால் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"இஞ்சேர், உதென்ன வேலை? சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லோ, அந்தாளுக்கு? நீங்கள் வரவேண்டாம் எண்டு."

"அது என்னாலை ஏலாது. இது ஏலும்."

அவர் பொட்டடிக்குப் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அவிழ்க்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேலிக்கு அப்பால் அக்கா வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்த சத்தத்திலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது என்று விளங்கியது.

மறுநாள் இவர் போய், நான் முற்றம் கூட்டி முடிய மாடு தொடங்கியது. படுக்கும், எழும்பும், திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும். நான் கொட்டிலுக்கு வெளியே, அதற்கு முதுகைக் காட்டியபடி வாங்குப் பலகையில் இருந்து வெங்காயம் உரித்தேன். அப்படி இருந்தால் அது என்னைப் பொருட்படுத்தாது. அவ்வப்போது தோளுக்கு மேலால் பார்த்தேன். தண்ணீர்க்குடம் வந்து உடைந்தது. கொஞ்ச நேரம் போய் ஒரு குளம்பு, பக்கத்தில் இன்னொரு குளம்பு. இரண்டும் வந்துவிட்டன என்று சந்தோஷப்பட்டு மூக்கைத் தேடினேன். மூக்கு இல்லை. அப்போதுதான் குளம்புகளைச் சரியாகப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியின் குளம்பு நிலத்தைப் பார்த்து வந்தது. இதன் குளம்புகள் மேலே கூரையைப் பார்த்தன.

வெங்காயம் கையிலிருந்து விழுந்தது.

மிருக வைத்தியரின் இலக்கத்தை முன்பே தொலைபேசியில் போட்டு வைத்திருந்தேன். இள வயது ஆள். அதனாலேயே எனக்கு இன்னும் கூச்சம்.

"டொக்டர், எங்கடை மாடு..."

"சொல்லுங்கோ அம்மா."

"அது துடங்கீட்டுது."

"என்ன துடங்கினது?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு கோழி மட்டும் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். "கண்டு வருகுது டொக்டர். ரண்டு கால் வெளியிலை. குளம்பு மேலை பாக்குது. மூக்கு இல்லை. பின்பக்கமாய் வருகுதெண்டு நினைக்கிறன்."

"வடிவாப் பாத்திருக்கிறியள். கையை முழங்கை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய் பூசி, காலோடை காலாய் உள்ளை விட்டுப் பாருங்கோ. வால் தட்டுப்பட்டால் சொல்லுங்கோ."

தொலைபேசியை வாங்கில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். கையைக் கழுவி, தேங்காய் எண்ணெயைத் தோள்வரை ஊற்றினேன். மாட்டின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். உள்ளே கொதிக்கிற சூடு. நோ வந்தபோது என் கை எலும்பு நொறுங்குவது போல இறுகியது. பொறுத்துக்கொண்டு நின்றேன். இறுக்கம் விட்டபிறகு இன்னும் கொஞ்சம். மூட்டு. அதற்கு மேல் தொடை. பிறகு ஒரு மெல்லிய கயிறு போல ஒன்று. அது என் விரலுக்குள் அசைந்தது.

"வால் டொக்டர்! ஆட்டுது! உயிரோடை இருக்குது!"

நான் கத்தியதில் கோழி எழும்பிப் பறந்தது.

"நல்லது. திருப்பப் பாக்காதேங்கோ. உப்பிடியே வரலாம். நான் தீவுப் பக்கம் நிக்கிறன், வரச் சுணங்கும். கைப்பலமான ஒராளைக் கூப்பிடுங்கோ. மாடு முக்கேக்கை மட்டும் இழுங்கோ. ஆனா கண்டின்ரை இடுப்பு வெளியிலை வந்தாப் பிறகு நிக்கவே கூடாது."

"கொடி நசிஞ்சிடும். தலை உள்ளை தண்ணிக்கை" என்றேன்.

"ஓம் அம்மா. அதுதான்."

கைப்பலமான ஆள் அந்த நேரம் எங்கள் ஒழுங்கையில் ஒருவர்தான் வீட்டில் நிற்பார். அவர் வேலிக்கு அப்பால் கதிரையில் இருந்து, கொட்டில் பக்கம் திரும்பாமல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதே பக்கம்தான் பார்த்திருப்பார். பொட்டில் நான் கட்டிய முடிச்சு என் எண்ணெய்க் கைக்கு அவிழவில்லை. கத்தியால் அறுத்தேன். பனைமட்டையை இழுத்து எறிந்துவிட்டு அவருடைய வளவுக்குள் நின்றேன். மேலெல்லாம் எண்ணெயும் கோழையும்.

"அண்ணை."

பேப்பர் அசையவில்லை. கிணற்றடியிலிருந்து அக்காதான் முந்திக்கொண்டார். "என்ன பிள்ளை, வேலி கட்டின கை உளையுதோ? மருந்து பூசியிருக்கிறாய் போலை."

"அக்கா, பிறகு வந்து எவ்வளவும் பேசுங்கோ, கேக்கிறன். இப்ப அண்ணையை விடுங்கோ. கண்டு மாறி வருகுது. கால் பின்னங்கால்."

பேப்பர் கீழே விழுந்தது. அண்ணை எழும்பிக் கூரைக்குள் செருகியிருந்த கயிற்றை எடுத்தார். இதை இப்போதே சொல்லாவிட்டால் பிறகு சொல்லவே மாட்டேன்.

"அண்ணை, நான் சொல்லேக்கைதான் இழுக்க வேணும்."

"நீ சொல்லேக்கையோ?"

"ஓம். நான் சொல்லேக்கை."

"நான் எத்தினை கண்டு இழுத்தவன் தெரியுமோ உனக்கு?"

"தெரியும் அண்ணை. போன முறையும் தெரியும்."

அவருடைய முகம் சுருங்கியது. சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை. அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வா. நீ சொல்லு" என்றார்.

கொட்டிலுக்குள் அவர் கயிற்றை இரண்டு காலிலும் மூட்டுக்கு மேலே சுருக்குப் போட்ட நேர்த்தி எனக்கு எப்போதும் வராது. நான் மாட்டின் பக்கத்தில் நின்று அதன் விலாவில் கையை வைத்தேன். நோ முதலில் அங்குதான் தெரியும்.

"இப்ப."

இழுத்தார்.

"விடுங்கோ."

விட்டார். கயிறு தொய்ந்தது. மாடு மூச்சு வாங்கியது.

"இப்ப. இழுங்கோ. காணும், விடுங்கோ."

அக்கா வாசலில் நின்று பார்த்தார். "இந்த மனுசனுக்கு இழுக்கிறதெண்டால் தேர் வடமும் ஒண்டு, மாட்டுக் கண்டும் ஒண்டு. நான் முப்பது வருசமாய்ச் சொல்லி ஒரு நாளும் நிக்கேல்லை. நீ சொன்னவுடனை நிக்குது."

"நீ பேசாமல் இரடி, எனக்கு இவள் சொல்லுறது கேக்கேல்லை" என்றார் அண்ணை.

ஒழுங்கைப் படலையில் இரண்டு மூன்று தலை தெரிந்தது. அக்காவிடம், "அவையை உள்ளுக்கு விடாதேங்கோ" என்றேன். அவர் ஏன் என்று கேட்காமல் போய்ப் படலையைச் சாத்தினார்.

தொடை வந்தது. நான் எண்ணெயைத் திரும்பத் திரும்ப ஊற்றினேன். அடுத்த நோவில் இடுப்பு வந்து, வாலும் வந்தது. அந்த நேரம் பார்த்து மாட்டின் நோ நின்றது. அண்ணை நான் பழக்கியபடியே கயிற்றைத் தொய்ய விட்டார்.

"இழுங்கோ அண்ணை!"

"நோ நிண்டிட்டுதே!"

"நிண்டாலும் இழுங்கோ! இனி நிக்கக்கூடாது! கீழை பாத்து இழுங்கோ! நிப்பாட்டாதேங்கோ!"

அந்தக் குரல் ஒழுங்கை முடிவு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். நானும் கயிற்றைப் பிடித்தேன். அண்ணை காலைச் சுவரில் ஊன்றிச் சாய்ந்தார். விலா வந்தது, தோள் வந்தது, பிறகு எல்லாம் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வந்தது. மூவரும் வைக்கலில் கிடந்தோம். கன்றும் அண்ணையும் நானும்.

கன்று அசையவில்லை. நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. நான் வாய்க்குள் விரலை விட்டுக் கோழையை வழித்தேன். அண்ணை என் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. பின்னங்கால்களைப் பிடித்து அதைத் தூக்கினார். அவ்வளவு பாரத்தை எப்படித் தூக்கினாரோ தெரியாது. மூக்காலும் வாயாலும் தண்ணீர் வடிந்தது. கீழே கிடத்தி, ஒரு வைக்கல் தாளை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டுக் கிண்டினார். நான் சாக்கால் விலாவைத் தேய்த்தேன். அவர் கிண்டினார், நான் தேய்த்தேன். போன முறை கிடந்த இடமும் அதுதான். நான் அந்த இடத்தைப் பார்க்காமல் தேய்த்தேன்.

கன்று தும்மியது.

அண்ணை வைக்கல் தாளைப் பிடித்தபடியே முழங்காலில் இருந்தார். கன்று இன்னொருதரம் தும்மி, தலையை ஆட்டி, காதை அடித்தது. அண்ணை சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத்தான் துடைக்கிறார் என்பது போல நாங்கள் இரண்டு பெண்களும் வேறு பக்கம் பார்த்தோம்.

அக்கா கிட்ட வந்து வாலைத் தூக்கிப் பார்த்தார். "நாம்பன். ஒரு ஆண் கண்டுக்கோ இவ்வளவு பாடு?"

"உயிரோடை கிடக்குதெல்லோ" என்றேன்.

மாடு திரும்பி அதை நக்கத் தொடங்கியது. கன்று எழும்பி விழுந்தது. முன்காலை ஊன்றப் பார்த்து மூக்குக் குத்த விழுந்தது. பிறகு பின்பக்கத்தை முதலில் தூக்கி, ஆடி ஆடி நின்றது. நின்றவுடன் தாயின் முன்காலுக்குள்ளும் நெஞ்சுக்குக் கீழேயும் முட்டிப் பால் தேடியது. நான் அதை அணைத்து மடிக்குக் கொண்டுபோனேன்.

"என்ன செய்யிறாய்?" அக்கா என் கையைப் பிடித்தார். "இளங்கொடி இன்னும் விழேல்லை. அது விழமுதல் கண்டை விட்டால் கொடி மேலை ஏறிப்போடும். மாடு தப்பாது."

இது அக்கா மட்டும் சொல்கிற கதை இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இளங்கொடி என்கிற நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைத் தூரக் கட்டி வைப்போம். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். அண்ணை என்னைப் பார்த்தார். அவரும் அப்படித்தான் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, எங்கடை வைக்கல் போருக்கை நாய் குட்டி போடேக்கை நான் பாத்தனான். ஒரு குட்டி குடிச்சுக்கொண்டு கிடக்கேக்கைதான் மற்றக் குட்டியைப் போட்டது. கொடியும் வந்தது. ஒண்டும் மேலை ஏறேல்லை. ஆடும் அப்பிடித்தான், பூனையும் அப்பிடித்தான்."

"நாயும் மாடும் ஒண்டோ?"

"இதிலை ஒண்டுதான்."

"ஏதும் நடந்தால் என்னைச் சொல்லாதை."

"சொல்லமாட்டன் அக்கா. இது களைச்சுப் போய் வந்த கண்டு. காத்திருக்க இதாலை ஏலாது."

அவர் கையை எடுத்தார். நான் கன்றின் வாய்க்குள் என் விரலைக் கொடுத்தேன். உறிஞ்சத் தெரிந்தது. விரலோடு காம்பைச் சேர்த்து, மெல்ல விரலை எடுத்தேன். நழுவியது. மறுபடி கொடுத்தேன், மறுபடி நழுவியது. மாடு உதைத்தால் என் மேல் படட்டும் என்று நடுவில் முழங்காலை வைத்துக்கொண்டேன். அடுத்த முறை பிடித்துக்கொண்டது. முதற் சுரந்த மஞ்சள் கடும்புப் பால் வாயோரத்தால் வழிந்தது. வால் கிடந்து துடித்தது.

அண்ணை அக்கா கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அக்கா வாசலில் இருந்து இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தார். டொக்டர் இன்னும் வந்து சேரவில்லை. நான் மாட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதும் பிழைத்தால் அது என் பிழைதான், வேறு யாருடையதும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கன்றைப் பிரிக்கவில்லை. ஒரு காம்பு முடிய அடுத்ததில் பிடித்துவிட்டேன்.

வெயில் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தபோது மாடு முதுகை வளைத்து முக்கியது. கன்று குடித்துக்கொண்டே நின்றது. இன்னொருதரம் முக்கியது. இளங்கொடி முழுதாக, கிழியாமல், வைக்கலில் விழுந்தது.

எங்கள் ஊரில் அதை ஓலையால் இழைத்த உமல் பையில் போட்டு, நாய் எட்டாத உயரத்தில் ஆலமரத்தில் கட்டுவார்கள். பால்மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பார்கள். அக்கா அதைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, உமல் எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனார்.